நாலு கிலோ பாறை

"இது நீங்களே பிடிச்சதா சார்?" என்று கேட்டார் மாமனார் ஹென்றி.

"ஆமா மாமா. தூண்டில்ல." சிவசுப்பிரமணியன் நாலு கிலோ பாறை மீனை முற்றத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, முழங்கால் வரை நனைந்திருந்த கைலியை எல்லாரும் பார்க்கும்படி பிழிந்தான்.

கைலியை நனைப்பதற்காகவே கடற்கரையில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்திருந்தான். மீன், உடன்குடிச் சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கியது.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்தான். ஆனால் கல்யாணமாகி எட்டு மாதமாகியும் மாமனார் அவனை ஒரு தடவைகூட மாப்ளே என்று கூப்பிடவில்லை. வாய் நிறைய 'சார்'தான். ஏரல் பக்கம் நெல்வயலில் வளர்ந்தவன், மணப்பாட்டில் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரரின் மகளைக் காதலித்துக் கட்டிக்கொண்டால் சும்மா விடுவார்களா? போன தடவை வந்தபோது, கரையோரம் கட்டிப் போட்டிருந்த வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததற்கே வாந்தி எடுத்துவிட்டான். ஹென்றி மணலில் நின்றபடி பார்த்துச் சிரித்தார். அதோடு விடாமல் ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார்.

இந்தத் தடவை, இரண்டு நாள் லீவில் கடல்காற்று வாங்கலாம் என்று மனைவி ஏஞ்சலின்தான் அழைத்து வந்தாள். நேற்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைப்பதற்குள் மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டும் சார். கடலுக்குப் போயி ஒரு மீனோட திரும்பணும். அப்பத்தான் மாப்ள. எம் மாமனாரு எனக்கு வச்ச சட்டம், நான் மாத்த முடியாது."

அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எதற்கும் துணிந்திருந்தான், வள்ளத்தில் ஏறுவதைத் தவிர. விடியற்காலையில் வீட்டார் எல்லாரும் பூசைக்குக் கிளம்பியதும், மைத்துனனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உடன்குடிக்கு விரட்டினான்.

இப்போது மாமியார் அல்போன்சா குனிந்து மீனைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன தம்பி, மீனு இப்படிச் சில்லுன்னு கெடக்கு?"

"விடியக்காலம் கடல் தண்ணி அப்படி இருந்துச்சு மாமி. கையே வெறச்சிப் போச்சு."

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீய. முதல்ல காப்பியைக் குடிங்க."

மைத்துனன் ஆன்றோ சுவரில் சாய்ந்துகொண்டான். "காத்து எப்படி அத்தான்? கச்சானா, கொண்டலா?"

கச்சான் மேற்கிலிருந்து அடிப்பது, கொண்டல் கிழக்கிலிருந்து. சிவசுப்பிரமணியனுக்கு அது தெரியாது.

"ரெண்டும் சேந்துதான் அடிச்சுது."

"ரெண்டையும் சமாளிச்சிட்டு வந்திருக்கீயளே" என்றான் ஆன்றோ. முகத்தில் மரியாதை தெரிந்தது.

ஏஞ்சலின் குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அலை பெருசோ?"

"பாதித் தென்னை உசரம் இருக்கும்."

"கேட்டீயளாப்பா, பாதித் தென்னையாம்." அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் அவனுக்கு முழுத்தென்னை என்றே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

ஹென்றி மட்டும் மீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரு வள்ளத்துல போனீய சார்?"

இதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. "சிலுவைன்னு ஒருத்தர்."

"இங்கன தெருவுக்கு நாலு சிலுவை. எந்தச் சிலுவை?"

"மீசை வச்சிருந்தாரு."

"ஓ, மீசைக்காரச் சிலுவையா. தங்கமான ஆளு" என்று எழுந்து போய்விட்டார் ஹென்றி. சிவசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். குழம்பு மணத்தது. ஹென்றி மீன்தலையை எடுத்து மருமகன் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் தலை அவருக்கு மட்டும்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

"சாப்பிடுங்க மாப்ளே."

எட்டு மாதமாக ஏங்கிய வார்த்தை காதில் விழுந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தான். இப்படி நம்புகிற மனிதரையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. போனால் போகிறது, காலம் முழுக்க 'சார்' என்றே கூப்பிடட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தான்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது மாமனாரும் பின்னாலேயே வந்தார்.

"மாமா, ஒரு விசயம் சொல்லணும். அந்த மீனு..."

"உடன்குடியில வாங்கினீயளோ?"

சிவசுப்பிரமணியன் ஈரக்கையோடு திரும்பி அவரைப் பார்த்தான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை மாப்ளே. இந்தக் கரையில ஞாயித்துக்கெழமை ஒரு வள்ளமும் கடலுக்குப் போவாது. மீசைக்காரச் சிலுவை காலையில பூசையில எம் பக்கத்துலதான் நின்னான்."

"அப்ப மாமி, ஆன்றோ, ஏஞ்சலின்..."

"எல்லாருக்கும் தெரியும்." குசினிக்குள்ளிருந்து அடக்க முடியாத சிரிப்புச் சத்தம் வந்தது.

"தெரிஞ்சுமா மாமா என்னை மாப்ளேன்னு கூப்பிட்டீய?"

ஹென்றி தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மனைவி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் வள்ளத்துல கால வச்சா கொடலு வெளிய வந்துரும் மாப்ளே. ஆனா எம் மாமனாருக்கு நான் மீனு வாங்கிட்டு வந்தது சனிக்கெழமையாக்கும்."