கிணற்றுக் கயிறு

வேலிக்கு மேலால் நீட்டிய பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் கடகடவென்று இறங்கிச் சின்னத்தங்கத்தின் குடத்தில் விழுகிறது. அப்பால், இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் பக்கத்து வீட்டு உதயரூபன் வாளி வாளியாக அள்ளிக் குழாயில் ஊற்றுகிறான். வாவியில் பட்ட காலை வெயிலில் கண் கூசுகிறது. அவள் புருசனைக் கொரோனா என்று ஏற்றிக்கொண்டு போன அன்று, பதினாலு நாள் வெளியே வரக்கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் படலைக் கதவில் ஒட்டிய தாள் சுருண்டு தொங்குகிறது. காவலுக்கு ஒருவரும் இல்லை. கல் சுமந்து காய்த்த அவள் கைக்கு நாலு வாளி அள்ளுவது ஒரு வேலையா? விடியுமுன் போய் அள்ளினால் யாருக்குத் தெரியும்? ஆனால் உதயரூபன் மீனுக்குப் போனால் அதே கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பவள் அவன் பெண்சாதி. அவளுக்கு இது எட்டாம் மாதம். “அக்கா, குடத்தில ஓட்டையா? என்ட தோள் கழண்டு போச்சு.” “இன்னும் ரெண்டு நாள்தானே, ஊத்து மனே. பிள்ள பிறக்கட்டும், தண்ணி அள்ளிக் குளிப்பாட்டுறது நான்தான்.” “சொல்லிப்போட்டுப் பிறகு ஒளிக்கப்படாது!” “நானா ஒளிக்கிற ஆள்?” குடம் நிரம்பி வழிகிறது. சின்னத்தங்கம் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, உள்ளங்கையின் காய்ப்பை விரலால் தடவிப் பார்க்கிறாள். பச்சைப் பிள்ளையின் முதுகில் இது உறுத்துமோ?