எல்லாப் பக்கங்களும்

தேறுவதற்கு ஒரு மதிப்பெண் குறைந்தது.

மறுபடி கூட்டினாள். அதேதான்.

பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள். எழுதிய பிள்ளை யாரோ, பெயரை மறைத்துத்தான் தருகிறார்கள். நாளுக்கு முப்பது தாள், ஒன்பது நாளாக. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்தச் சொல்லியிருந்தார்கள். விட்டாயிற்று. எரிகிறது.

கண்ணைப் பற்றிய கேள்விக்கு அந்தப் பிள்ளை கடைசியில் இப்படி எழுதியிருந்தது:

'கண்ணாடியில் இடக்கண்ணைப் பார்த்துவிட்டு வலக்கண்ணைப் பார்த்தால், நம் கண் நகர்வது நமக்குத் தெரியாது. நகரும் நேரம் கண் பார்ப்பதில்லை. நான் செய்து பார்த்தேன்.'

விடைக்குறிப்பில் இல்லாத வரிகள். ஆனால் ஒரு மதிப்பெண் போட்டால் அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விடும்.

மேற்பார்வையிடும் நயினார் சார் எட்டிப் பார்த்தார்.

"ஆன்சர் கீயில இருக்கா? இல்லல்லா. விட்டுத் தள்ளுங்க டீச்சர்."

விட்டுத் தள்ள மனசு வரவில்லை. முகம் கழுவப் போனாள்.

குழாய்க்கு மேலே ரசம் போன கண்ணாடி.

இடக்கண். வலக்கண். மறுபடி இடக்கண்.

எதுவும் அசையவில்லை.

"என்ன டீச்சர், முழி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது?" பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த பியூலா டீச்சர் சிரித்தாள்.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடியதை இவள் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்து தாளை முதலிலிருந்து புரட்டினாள். இந்த முறை விரலை வைத்து, வரி வரியாக.

ஏழாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன விடை. இரண்டே வரி. சரியான விடை. மேலே சிவப்பு மை இருந்தது, அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டு வரியில் மட்டும் இல்லை.

இரண்டு மதிப்பெண் போட்டாள்.

பிள்ளை தேறிவிட்டது. அப்பாடா என்று உட்கார்ந்திருக்கலாம்.

முகப்பில் ஒரு வரி அச்சாகியிருந்தது. 'எல்லாப் பக்கங்களும் பார்க்கப்பட்டன.' அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் பதினைந்து முறை போட்டிருந்தாள். அதில் மூன்று பிள்ளைகள் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறியவர்கள்.

தாள்களைக் கட்டி எடுத்துப் போகிறவர் வாசலில் நின்றிருந்தார்.

"காலைக் கட்டு இருக்கா அண்ணாச்சி?"

"அது அப்பமே போயாச்சே டீச்சர்."

நேற்றைய கட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.