கதிரேசர்குளத்துத் தீர்மானம்

“மலைநாட்டில இருந்து வந்த ஆக்கள் இனிமேல் குளத்து நிர்வாகத்தில இருக்கேலாது. ஒத்துக்கொள்ளுற ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

கமக்காரர் சங்கத் தலைவர் முத்துலிங்கம் சொன்னதும் முன்வரிசையில் கைகள் மளமளவென்று உயர்ந்தன.

“அண்ணை, அந்தக் குறிப்பை முதல்ல வாசிப்பமே?” என்றாள் செயலாளர் அருந்ததி.

“அது கடைசிக்கு, பிள்ளை. கூட்டம் சந்தோசமா முடியட்டும்.”

வன்னியில் நெடுங்கேணிக்கு அப்பால், காட்டை வெட்டி இந்த ஊரை உண்டாக்கிய கதிரேசர், முத்துலிங்கத்தின் பூட்டன். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவரைப் பற்றி எழுதிய குறிப்பு கொழும்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆளனுப்பிப் பிரதி எடுப்பித்ததே முத்துலிங்கம்தான். அருந்ததி அதை நேற்றிரவுதான் தமிழாக்கி முடித்திருந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஆண்டியப்பன் எழுந்தார்.

“நிர்வாகத்துல எங்க ஆளு இல்லாட்டி, வாய்க்கால் கடைசியில இருக்கிற எங்க வயலுக்குத் தண்ணி வராதுங்க. போன வெள்ளத்துல ரெண்டு நாளா மண்மூட்டை சுமந்து குளக்கட்டைக் காப்பாத்தினது நாங்கதானுங்களே.”

“இல்லையெண்டு ஆர் சொன்னது? வேலைக்கு வாங்கோ. ஆனா தண்ணி திறக்கிறது இந்த ஊராக்களின்ர உரிமை. நீங்கள் எழுபத்தேழுக் கலவரத்தில தேயிலைத் தோட்டங்களில இருந்து ஓடி வந்தனீங்கள். இது என்ர பூட்டன்ர ஊர்.”

“எங்க புள்ளைங்க இங்கதானேங்க பொறந்தாங்க?”

முத்துலிங்கம் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார்.

“அண்ணை, ஒருக்கா வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வையுங்கோவன்,” என்றாள் அருந்ததி. தான் எழுதிய தமிழாக்கத்தை அவர் முன்னால் நகர்த்தினாள்.

“என்ன பிள்ளை அவசரம்? இந்தா, வைச்சிட்டன்.”

ஆண்டியப்பன் உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை.

முத்துலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தமிழாக்கத் தாளை விரித்து, மண்டபமே அதிர வாசித்தார்.

“‘கதிரேசன் என்னும் இம்மனிதன் காய்ச்சலோடும் யானைகளோடும் மல்லுக்கட்டி, தூர்ந்துபோன குளத்தைத் திருத்தி, நாற்பது குடும்பங்களைக் குடியேற்றியிருக்கிறான். இவன் சொல்லுக்கு மறுசொல் இல்லை.’”

கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்று, ஆண்டியப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முத்துலிங்கம் தாளைத் திருப்பினார்.

“‘இவன் இராமநாதபுரத்திலிருந்து வந்து, மலைநாட்டுக் கோப்பித் தோட்டமொன்றில் கூலியாக இருந்து, அடி தாங்காமல் தப்பியோடி...’”

வாசிப்பதை நிறுத்தி, முத்துலிங்கம் தான் கையெழுத்து வைத்த தீர்மானத்தைப் பார்த்தார்.