கைமாறிய துப்பாக்கி

"பழசோட அஞ்சு ஆடும் கொடுத்தா இந்தப் புதுசு உனக்குத்தாண்ணே" என்று வியாபாரி எரெங் துப்பாக்கியை நீட்டினான்.

லொமூரியா அதை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தான்.

"வேண்டாய்யா" என்றாள் மனைவி நக்குவான். "நம்ம பழசுக்கு என்ன கேடு? போன மாசம் நம்ம மாட்டக் கொள்ளையடிக்க வந்த அக்கரைப் பொக்கோட்டுக்காரங்கள, வானத்தப் பார்த்து ஒரே ஒரு வேட்டு போட்டு விரட்டினியே! துர்க்வெல் ஆத்தங்கரையே அதத்தானே பேசுது?"

"மறுபடி வந்தா அது போதாதுடி."

மூன்று நாளாக இதே பேச்சுதான். பழைய துப்பாக்கியைத் தொடவே லொமூரியாவுக்குப் பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஐந்து ஆடுகளோடு அதைக் கொடுத்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது.

"இது யாருகிட்ட இருந்துச்சு?" என்று பேச்சுக்குக் கேட்டான்.

"அக்கரையில ஒரு பொக்கோட்டுக் கிழவர் மகனோடதுண்ணே. போன மாசம் இங்க மாடு பிடிக்க வந்தவன், வயித்துல குண்டோட வீடு போய்ச் சேர்ந்து செத்தான். இதப் பார்க்கவே அப்பனுக்குத் தாங்கல. பழசானாலும் பரவால்ல, வேற ஒண்ணு கொடுன்னாரு. உன்னோடத அவருக்குத்தான் கொண்டுபோறேன்."

அன்று லொமூரியாவின் குண்டு வானத்துக்குப் போகவில்லை. விழுந்தவன் எழுந்து ஓடியதைப் பார்த்து, பிழைத்திருப்பான் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தான்.

"எரெங், இத எடுத்துக்கிட்டு என் பழசத் திருப்பிக் கொடுத்துடு. ஆட்ட நீயே வச்சுக்க."

"பேசி முடிச்ச பிறகா? ஏண்ணே?"

லொமூரியா நக்குவானைப் பார்த்தான். எரெங் பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டி, ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான்.

"வாங்கினது வாங்கியாச்சு, உள்ள கொண்டாந்து மாட்டு" என்றாள் நக்குவான்.

அவன் அதைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றான்.