சின்னம்மை யாருக்கு?

"வந்துச்சா, வரலையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்." நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

பெரியவனுக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக் காலை குழந்தைகள் வார்டில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர வேண்டும். அலைந்து அலைந்து முப்பத்தெட்டு வயதில் கிடைத்த வேலை. ஃப்ளூ ஊசி, டெட்டனஸ் ஊசி என்று இரண்டு கைகளிலும் வாங்கியாகிவிட்டது. படிவத்தில் 'சின்னம்மை' என்ற கட்டம் மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"வந்திருந்தா ஊசி தேவையில்ல. வரலன்னா கண்டிப்பா போடணும். இந்த வயசுல வந்தா பாடு ஜாஸ்தி, அங்க இருக்கற குழந்தைங்களுக்கும் ஆபத்து. சந்தேகம்னா போட்டுக்கங்களேன்."

"என்ன சந்தேகம்? எனக்குத்தான் வந்துச்சு. இதோ, அம்மாவே வந்திருக்காங்க, கேளுங்க."

சுவரோர பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். அதே மூக்கு, அதே முன்வழுக்கை.

"அவன் சொன்னா சரிதான் சிஸ்டர். பத்து நிமிஷம் முன்னாடி பிறந்துட்டான்ல? மாடி ரூம்லேர்ந்து அப்பாவோட கடைச் சாவி வரைக்கும் எல்லாம் அவனுக்குத்தான் முதல்ல. அம்மை மட்டும் எனக்கா வந்துடும்?" சின்னவன் சிரித்தான். குரலில் சிரிப்பில்லை.

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "ஒரு வயசுகூட ஆகல அப்ப. உடம்பு பூரா கொப்புளம். அடையாளத்துக்குக் கையில கட்டியிருந்த நூலைக்கூட அவுத்துட்டேன். இன்னொருத்தனை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் ரெண்டும் ஒண்ணா..."

"கதை வேணாம்மா! யாருக்கு வந்துச்சு? அதை மட்டும் சொல்லு!" பெரியவன் கத்தியேவிட்டான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவனுக்குத்தான்."

"கேட்டீங்களா சிஸ்டர்? எழுதுங்க, வந்துச்சுன்னு!"

நர்ஸ் பேனாவை எடுத்தார். அம்மா எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மகன்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமே போட்டுடுங்கம்மா. இவங்கள்ல யாரு பெரியவன்னு அதுக்கப்புறம் எனக்கே தெரியாமப் போச்சு."