ஆண்டாயி கேட்ட வண்டி

“நாற்காலியையே குடுத்திருங்க சார். தள்ளுறதுக்கு நான் இருக்கேன்” என்றான் வடிவேல்.

“உக்காரப் போறது நானு. என்னையக் கேட்டுட்டு எழுதுங்க சார்” என்றாள் ஆண்டாயி.

சேரம்பாடி எஸ்டேட் ஆபீஸ் வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, பின்னாலிருந்து ஆள் தள்ள வேண்டிய சக்கர நாற்காலி. இன்னொன்று, உட்கார்ந்தபடியே கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களில் நடக்க முடியாதவர்களுக்கு ஏதாவது ஒன்றைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. அந்த எஸ்டேட்டில் அப்படி இருந்தவள் ஆண்டாயி ஒருத்திதான். வந்த இரண்டு வருடமாக, அவள் அம்மாவும் சேர்ந்து மூவரும் குடியிருக்கும் லயத்து வீட்டிலிருந்து ஃபாக்டரிக்கு, தேயிலைத் தூளில் தண்டு பொறுக்கும் வேலைக்கு, தினமும் அவளை முதுகில் சுமந்து போகிறவன் வடிவேல்.

வெல்ஃபேர் ஆபீசர் ஆறுச்சாமி கோயம்புத்தூர்க்காரர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாகக் காத்திருந்தார்.

“ஏனம்மிணி, இந்த மேட்டுல கையில சுத்திட்டுப் போக முடியுமா? உம்பட ஊட்டுக்காரரே தள்றேங்கறாரு. அப்பறம் என்ன?”

வடிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“குறுக்குப் பாதைதான் சார் மேடு. லாரி ரோட்டுல சுத்திப் போனா சமமாத்தான் இருக்கு. அரை மணி கூட ஆகும். ஆகட்டுமே” என்றாள் ஆண்டாயி.

“மழை பேஞ்சா?” என்றான் வடிவேல்.

“நனைவேன்.”

“பிரேக் புடிக்காட்டி?”

“விழுவேன். உன் முதுகுலேருந்து விழுந்ததே இல்லையா? போன ஆடியில அட்டை கடிச்சிருச்சுன்னு என்னையத் தொப்புன்னு போட்டது யாராம்?”

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ராக்கம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

“அடியே, எம் புருசன் தண்ணிக் கொடத்தத் தூக்கச் சொன்னாலே இடுப்பப் புடிச்சுக்குவான். உனக்குத் தங்கமா ஒருத்தன் வாய்ச்சிருக்கான். திமிரு புடிச்சவளே!”

“தங்கந்தான். அதுக்காகக் காலம்பூரா அது கழுத்துலயே தொங்கணுமா?”

ஆண்டாயிக்குக் கோபம் கோபமாக வந்தது. கடைக்கோ டாக்டரிடமோ போவதென்றால் அவன் வரும்வரை மூட்டை மாதிரி வாசலில் கிடக்க வேண்டும். சண்டை போட்டால்கூடக் கோபித்துக்கொண்டு எழுந்து போக வழியில்லை. சண்டை போட்டவன் முதுகிலேயே ஏறித்தான் வீடு வந்து சேர வேண்டும். இந்தக் கேவலத்தை யாரிடம் சொல்வது?

“கடேசியாக் கேக்கறனுங்க” என்றார் ஆறுச்சாமி.

“கைவண்டி சார்.”

எழுதினார். “ஏனுங்க, ஊட்டுக்காரர் இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

எலெக்‌ஷனில் தோற்றவன் முகத்தோடு வடிவேல் கையெழுத்துப் போட்டான்.

முதல் சுற்றில் வண்டி நேராகப் போய் ஆபீஸ் பூந்தொட்டியை உருட்டியது. இரண்டாவது சுற்றில் ரோட்டைப் பிடித்தது. வடிவேல் பின்னாலேயே ஓடினான். யாரும் இல்லாத வளைவில் ஆண்டாயி பிரேக்கை இழுத்தாள். அது நன்றாகவே பிடித்தது.

“நான் தள்ளுனா ஆகாதா, ஆண்டாயி?” என்றான், மூச்சு வாங்க.

“அது கெடக்கட்டும். நேத்துப் பாலத்துகிட்ட என்னமோ கேட்டியே, இப்பக் கேளு.”

“நேத்தே பதில் சொல்லியிருக்கலாமில்ல?”

“உன் முதுகுல தொங்கிக்கிட்டு எப்படிய்யா வேணாம்னு சொல்றது? அங்கேயே எறக்கி விட்டுட்டீன்னா? இப்ப சரின்னாலும் வேணாம்னாலும் நானே ஊடு போய்ச் சேந்துருவேன். ம், கேளு.”

வடிவேல் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“கண்டியில, இந்தியாவுக்குக் குடும்பமாப் போனாத்தான் வேலை கெடைக்கும்னு அந்தப் புரோக்கர் நம்ம ரெண்டு பேரையும் புருசன் பொண்டாட்டின்னு குடும்பக் கார்டுல பொய்யா எழுதிவிட்டானே... அத நெசமாக்கிக்கலாமா? உங்கம்மாவும் எத்தன நாளைக்குத்தான் நமக்கு நடுவுல படுக்கும்?”

“யோசிக்கிறேன்” என்று கைப்பிடியைச் சுழற்றினாள் ஆண்டாயி. “கூடவே நடந்து வா. தள்ளாம வா.”