உயர்ந்த ஊழியம்

"கக்கூஸ் கழுவுறதும் ஊழியமா டீச்சர்?"

முன்பல் விழுந்த பையன் கேட்டதும் ஞாயிறு பள்ளி அறையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தாள்.

"அதுதான்டா ஒசந்த ஊழியம்! ஆண்டவரே துண்டைக் கட்டிக்கிட்டு சீஷருங்க காலைக் கழுவலையா? முன்னால நின்னு வேதம் வாசிக்கிறதை யார் வேணா செய்யலாம். யாரும் பார்க்காத வேலை கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. கதவோரம் நின்ற பாஸ்டரம்மா அதைக் கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். கவனித்திருந்தார்.

அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார். ஆறு பிள்ளைகளுக்கு ஆறு வேலை. வேதம் வாசிப்பதில் தொடங்கிக் கழிவறை வரைக்கும். யாருக்கு எது என்று சீட்டு எடுப்பது, பிள்ளையோடு அம்மாவும் சேர்ந்து அந்த வேலையைச் செய்வது, இரண்டுமே டீச்சரின் யோசனைதான். "பொறுப்பைப் பகிர்ந்துக்கிட்டாத்தானே சபை ஒரு குடும்பம்?" என்று அவள் கேட்டபோது பாஸ்டரம்மா உருகிப்போனார்.

பதினொரு வருஷமாக இந்தப் பின்னறையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள். ஒரே ஒரு முறை, பேராயருக்குப் பக்கத்தில், மகள் தோளில் கைவைத்து மைக் முன்னால் நின்றுவிட வேண்டும். சபை முழுவதும் தன்னை ஏறிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான புது உடை தையற்காரரிடமிருந்து வந்தும் ஆகிவிட்டது.

பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைக் குலுக்கினாள்.

"ஜெபம் பண்ணிட்டு, கண்ணை மூடிக்கிட்டே எடுக்கணும். யாருக்கு எதுன்னு ஆண்டவர் முடிவு பண்ணுவார். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க, அதனால எம் பொண்ணே முதல்ல எடுக்கட்டும்."

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு டப்பாவுக்குள் துழாவினாள். துழாவிக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம் எடு, ஆண்டவருக்கு வேற வேலை இல்லையா?" என்றான் பல் விழுந்தவன்.

எடுத்தாள். பிரித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கழிவறை, டீச்சர்!"

டீச்சர் டப்பாவை அவசரமாக மகளிடம் நீட்டினாள். "சும்மா ஒத்திகைதான் இது. திரும்ப உள்ள போடு..."

"ஐயோ, ஆண்டவர் கொடுத்ததைத் திருப்பலாமா?" பாஸ்டரம்மா ஓடிவந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்ன ஒசந்த ஊழியம் உங்களுக்கே அமைஞ்சுபோச்சே! நீங்க கழுவும்போது பேராயரைக் கூட்டிட்டு வந்து காட்டப்போறேன்."

கண் நிறைந்து அவர் அடுத்த பிள்ளையிடம் டப்பாவை நீட்டியதும், டீச்சர் மகளை மூலைக்கு இழுத்துப்போனாள்.

"மூளை இருக்காடி உனக்கு?" பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "நேத்து எத்தனை தடவை தடவிப் பார்த்துப் பழகச் சொன்னேன்? முனை மடிச்சிருந்தா வாசிப்பு, ஓரம் கிழிஞ்சிருந்தா கழிவறை. அதைத் தொடவே தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மறக்கலம்மா. மடிச்சது ரெண்டு தடவை கையில மாட்டிச்சு. அதை விட்டுட்டுக் கிழிஞ்சதைத் தேடி எடுத்தேன்." மகள் அவள் கன்னத்தில் காயாமலிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டாள். "உங்களுக்கு எது வேணும்னு நீங்க அழுதப்பதானே எனக்குத் தெரிஞ்சுது!"